அயலார் துறை: கோபே கடற்கரையின் வரலாறு

'அயலார்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அடுத்த வீட்டில் வாழ்பவரும் அயலார். வேற்று நாட்டிலிருந்து வந்தவரும் அயலார். ஒரே சொல் அண்மையையும் குறிக்கிறது, அந்நியத்தையும் குறிக்கிறது. கடற்கரைப் பட்டினங்களின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இச்சொல்லின் நுட்பம் நன்கு விளங்கும். மரக்கலம் ஏறி வந்த அந்நியர், எத்தனை தலைமுறைக்குப் பின், எத்தகைய சோதனைகளைக் கடந்து, அடுத்த வீட்டாராக ஏற்கப்படுகின்றனர் என்பதே ஒரு துறைமுகத்தின் மெய்யான வரலாறு. வந்திறங்கிய சரக்கின் அளவும், எழுந்து நிற்கும் மாளிகைகளின் உயரமும் அதற்கு அடுத்தபடியே.

காயலும் கீழக்கரையும் நாகூரும் கண்ட நம் சமுதாயத்திற்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும் நமக்கு நெடுந்தொலைவில், இருநூறு ஆண்டுக்கும் மேலான காலம் அந்நியர்க்குத் தன் கதவுகளைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருந்த ஜப்பான் நாட்டில், இக்கதை எவ்வாறு நடந்தது என்பதை அறிவது பயன் தரும். அதற்கு ஏற்ற ஊர் கோபே.

ஜப்பானின் மேற்குப் பகுதியில், ஒசாக்கா வளைகுடாவின் கரையில் அமைந்தது கோபே மாநகரம். வடக்கே 931 மீட்டர் உயரமுள்ள ரொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல். இரண்டிற்கும் இடையே அகலம் குறைந்த ஒரு நிலப்பட்டை. ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் மக்கள் வாழும் இம்மாநகரின் இதயம், மெரிக்கென் துறை எனப்படும் பழைய படகுத்துறையில் தொடங்கி, அயல்நாட்டார் குடியிருப்பாக இருந்த நேர்த்தெருக்களின் வழியே ஏறி, சன்னோமியா கடைவீதிகளைக் கடந்து, மலைச் சரிவில் உள்ள கித்தானோவில் முடிகிறது. காலாற நடந்தே இப்பகுதியைக் கடந்துவிடலாம். அந்தச் சிறு நடைக்குள் எண்ணூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

பழந்துறை

கோபே என்னும் பெயர் உலகறியப் பெருமை பெற்றது பிற்காலத்தில்தான். அதன் மேற்கே ஹியோகோ என வழங்கிய துறைமுகமே தொன்மையானது. ஓவாதா எனும் பெயரில் முற்காலத்தில் விளங்கிய அத்துறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சீர்படுத்தியவன் தைரா நோ கியோமோரி என்னும் பெருவீரன். சீனத்தின் சுங் பேரரசோடு வாணிபம் பெருக வேண்டும் என்பது அவன் கனவு. தென்கிழக்குக் காற்றின் சீற்றத்திலிருந்து மரக்கலங்களைக் காக்கக் கடலுள் ஒரு செயற்கைத் தீவையே அவன் எழுப்பினான். கடலின் சினம் தணிய மனிதரைப் பலியிட வேண்டும் என்று சிலர் கூறியபோது, அதை மறுத்து, கற்களில் பௌத்த மறை வாசகங்களை எழுதி இறக்கச் செய்தான் என்று ஒரு மரபுக் கதை வழங்குகிறது. 1180ஆம் ஆண்டில் அவன் நாட்டின் தலைநகரையே அருகிலிருந்த ஃபுக்குஹராவுக்கு மாற்றினான். அரை ஆண்டுக்குள் அது மீண்டும் கியோத்தோவுக்கே திரும்பிற்று. தலைநகர் நிலைக்கவில்லை; துறை நிலைத்தது.

கதவு திறந்த முறை

1858ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படியும், அதைத் தொடர்ந்து ஐரோப்பிய வல்லரசுகளுடன் ஏற்பட்ட உடன்படிக்கைகளின்படியும், ஹியோகோ துறைமுகம் அயல்நாட்டு வாணிபத்திற்குத் திறக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. மன்னரின் அரண்மனை கியோத்தோவில் இருந்தமையால், அதற்கு இத்துணை அருகே அந்நியரை விடுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. 1863இல் நடக்க வேண்டிய திறப்பு 1868 ஜனவரி 1ஆம் நாள் வரை தள்ளிப் போயிற்று. அப்போதும், மக்கள் நெருங்கி வாழ்ந்த ஹியோகோ நகருக்குள் அந்நியரை விட அதிகாரிகள் விரும்பவில்லை. அதற்குக் கிழக்கே, வயலும் மணலுமாகக் கிடந்த கோபே என்னும் சிற்றூரை அவர்கட்கு ஒதுக்கினர். விலக்கி வைப்பதற்கென்று தேர்ந்த அந்த ஒதுக்கிடமே பின்னாளில் மாநகரமாக வளர்ந்து, பழைய ஹியோகோவைத் தன்னுள் ஒரு பகுதியாக்கிக் கொண்டது.

திறந்த கதவின் வழியே முதலில் புகுந்தது நட்பு அன்று, பூசல். 1868 பிப்ரவரி 4ஆம் நாள், சன்னோமியா அருகே அணிவகுத்துச் சென்ற பிசென் நாட்டுப் படையின் குறுக்கே சில அயல்நாட்டவர் செல்ல முயன்றனர். அப்படையினர் துப்பாக்கியால் சுட்டனர். வல்லரசுகளின் போர்வீரர்கள் உடனே கரையிறங்கி நகரின் மையப் பகுதியைக் கைப்பற்றினர். சுடுவதற்கு ஆணையிட்டதாகச் சொல்லப்பட்ட தாக்கி சென்சபுரோ என்னும் படைத்தலைவர், அயல்நாட்டுப் பிரதிநிதிகளின் கண்ணெதிரே தம் வயிற்றைத் தாமே கிழித்து உயிர்விடுமாறு பணிக்கப்பட்டார். புதிதாக அமைந்த மெய்ஜி அரசு, அயலாரோடு இணக்கம் பேணும் தன் உறுதியை ஓர் உயிரின் விலை கொடுத்து மெய்ப்பித்தது.

அயல்நாட்டார் குடியிருப்பை வகுத்தவர் ஜே. டபிள்யூ. ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 126 மனைகள், நேரான தெருக்கள், மரநிழல் நடைபாதை, செங்கல்லால் கட்டிய கழிவுநீர்க் கால்வாய், விரைவிலேயே எரிவாயு விளக்குகள் எனக் கீழைநாடுகளில் அந்நாளில் காண்பதற்கரிய ஒழுங்குடன் அது எழுந்தது. அன்று புதைத்த செங்கற் கால்வாயின் ஒரு பகுதியை இன்றும் காணலாம்.

ஆனால் இந்த ஒழுங்கினுள் ஓர் அநீதி புதைந்திருந்தது. அக்குடியிருப்பில் ஜப்பானியச் சட்டம் செல்லாது. அயல்நாட்டவர் தவறு செய்தால் அவரவர் நாட்டுத் தூதரே நடுவராக அமர்ந்து விசாரிப்பார். அம்முறையின் கொடுமையை 1886ஆம் ஆண்டு வெளிச்சமிட்டுக் காட்டிற்று. யோகோஹாமாவிலிருந்து கோபேக்கு வந்த 'நார்மன்டன்' என்னும் ஆங்கிலக் கப்பல் அக்டோபர் மாதத்தில் கடலில் மூழ்கியது. தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர். அதில் பயணம் செய்த 25 ஜப்பானியருள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கோபேயில் கூடிய ஆங்கிலத் தூதரக விசாரணை, தலைவர் மீது குற்றமில்லை என்றது. நாடே கொதித்தெழுந்தது. மறுவிசாரணையில் அவருக்குக் கிடைத்தது மூன்று மாதச் சிறை. மாண்டோரின் குடும்பங்களுக்கு இழப்பீடு ஏதும் கிடைக்கவில்லை. சமனற்ற உடன்படிக்கைகள் நீங்க வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு இந்நிகழ்ச்சி பெரிதும் துணை நின்றது. இறுதியில் 1899 ஜூலையில் அக்குடியிருப்பு ஜப்பானிய ஆட்சிக்குத் திரும்பியது.

இங்கே மற்றொரு செய்தியையும் கூற வேண்டும். துறை திறக்கப்பட்ட நாளில் குடியிருப்பின் வேலை முடிந்திருக்கவில்லை. வந்தவர்களுக்குத் தங்க இடமின்றிப் போகவே, கிழக்கே இக்குத்தா ஆற்றுக்கும் மேற்கே உஜி ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஜப்பானியரோடு கலந்து வாழ அவர்கட்கு அரசு இசைவளித்தது. உடன்படிக்கை உரிமை அப்போது இல்லாதிருந்த சீனரும் குடியிருப்பின் மேற்கு எல்லையை ஒட்டிக் குடியேறினர். அதுவே இன்றைய நன்கின்மாச்சி. காற்றோட்டம் நாடிய ஐரோப்பியர் கித்தானோ சரிவில் வீடு கட்டினர். ஒருபுறம் மதிலிட்டாற்போல் வகுத்த நேர்த்தெருக்கள். மறுபுறம் திட்டமின்றிக் கலந்த சந்துகள். வேலை தாமதமானதால் நேர்ந்த இந்தக் கலப்பே கோபேயின் இயல்பை உருவாக்கிற்று. ஒப்பந்தம் செய்யாததைச் சந்து செய்தது.

பஞ்சும் பட்டும்

இந்தியருக்கும் கோபேக்கும் உள்ள தொடர்பைப் பஞ்சு தொடங்கி வைத்தது. ஒசாக்காவின் நூற்பாலைகளுக்கு இந்தியப் பஞ்சு வேண்டியிருந்தது. பம்பாயிலிருந்து அதை ஏற்றிவரும் வழி ஐரோப்பியக் கப்பல் நிறுவனங்களின் பிடியில் இருந்தமையால் கூலி மிகுதி. அதை உடைக்க எண்ணிய ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பானின் நிப்பான் யூசென் கப்பல் நிறுவனத்தோடு கைகோத்தார். 1893 நவம்பரில் கோபேயிலிருந்து பம்பாய்க்கு முதற்கப்பல் புறப்பட்டது. ஜப்பானியர் நெடுந்தொலைவு கடல்வழிப் போக்குவரத்தை நிலையாக நடத்தியதன் தொடக்கம் இதுவே. போட்டியால் கூலி சரிந்தது; பஞ்சு பெருகியது; பின்னே வணிகர் வந்தனர். சிந்திகள், குஜராத்திகள், பஞ்சாபியர் எனப் பலரும் பட்டும் பருத்தித் துணியும் ஏற்றுமதி செய்யக் கடை திறந்தனர். 1916இல் கவியரசர் தாகூர் ஜப்பான் மண்ணில் முதன்முதலாக அடி வைத்ததும் இத்துறையில்தான்.

ஆயினும் ஜப்பானில் இந்திய வணிகரின் தலைமையிடம் அந்நாளில் யோகோஹாமாவே. அதை மாற்றியது ஒரு பேரிடர். 1923 செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோ, யோகோஹாமா பகுதியைப் பெரு நிலநடுக்கம் தாக்கியது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யோகோஹாமா எரிந்து சாம்பலாயிற்று. அதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர், தீ வைக்கின்றனர் என்ற பொய்ச் செய்தி பரவிற்று. காவற்படை என்று தம்மைச் சொல்லிக் கொண்ட கும்பல்கள், சில இடங்களில் படையினரும் காவலருங்கூட, கொரியரைத் தேடித் தேடிக் கொன்றனர். நிலம் நடுங்கியபோது மனிதநேயமும் நிலைகுலைந்தது. இதனை நினைவில் இருத்துக. பின்னே இதற்கு ஓர் எதிர்க்காட்சி வரவிருக்கிறது.

வீடும் கடையும் இழந்த இந்திய வணிகர் பலர் யோகோஹாமாவை விட்டுக் கோபேக்கு வந்தனர். அவர்களை மீண்டும் அழைத்துக்கொள்ள யோகோஹாமா நகரத்தார் வீடும் வசதியும் செய்து தந்தனர். அந்நன்றிக்காகவும் மாண்ட தம்மவர் நினைவாகவும் இந்திய வணிகர் யோகோஹாமாவின் யமஷித்தா பூங்காவில் எழுப்பிய நீர்மண்டபம் இன்றும் நிற்கிறது. எனினும் வந்தவருள் பலர் கோபேயிலேயே தங்கினர்.

மலைச்சரிவில் ஓர் இறையில்லம்

அவ்வணிகருள் முஸ்லிம்களும் இருந்தனர். 1917 ருஷ்யப் புரட்சிக்குப் பின் நாடிழந்து, மஞ்சூரியா வழியே வந்து சேர்ந்த தாத்தாரிய முஸ்லிம்களும் இருந்தனர். தாத்தாரியர் பெரும்பாலோர் தோளில் துணி மூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிழைத்தனர். ஏற்றுமதி வணிகரும் தலைச்சுமை வணிகரும் ஒரே அணியில் நின்று தொழ ஓர் இடம் வேண்டியிருந்தது. 1928 முதல் நிதி திரட்டப்பட்டது. பெருந்தொகை தந்தோர் இந்திய வணிகர்.

கித்தானோ சரிவின் கீழே, நக்கயமத்தே வீதியில், 1934இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. இரு மினாராக்களும் குவிமாடமும் கொண்ட அக்கட்டடத்தை வரைந்தவர் யான் யோசெப் ஷ்வாகர் என்னும் செக் நாட்டவர். ஜப்பானில் பல கிறிஸ்தவ தேவாலயங்களைக் கட்டியவர். கட்டி முடித்தது தக்கெனக்கா என்னும் ஜப்பானியக் கட்டட நிறுவனம். இந்தியர் பணம் தர, தாத்தாரியர் தோள் தர, கிறிஸ்தவர் வரைய, ஜப்பானியர் கட்ட எழுந்தது அந்த இறையில்லம். இரும்புக் கம்பி பொதிந்த கற்காரையால், அடித்தளத்தில் நிலவறையுடன், அதை உறுதியாகக் கட்டினர். 1923ஐ நேரில் கண்டவர்களும் கேட்டவர்களும் வாழ்ந்த காலம் அது. ஜப்பானில் இன்று நிலைத்து நிற்கும் பள்ளிவாசல்களுள் இதுவே மிகப் பழமையானது.

வந்தோரின் கதையோடு சென்றோரின் கதையும் இத்துறைக்கு உண்டு. 1908 ஏப்ரல் 28ஆம் நாள், 'கசாத்தோ மாரு' என்னும் கப்பல் 781 ஜப்பானியரைப் பிரேசில் நாட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு இங்கிருந்தே ஏற்றிச் சென்றது. அடுத்த அறுபது ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் ஜப்பானிலிருந்து தென்னமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவருள் மிகப் பலர் கடைசியாக மிதித்த தாய்மண் கோபேயே. அவர்கள் காத்திருந்து மொழியும் பழக்கமும் கற்ற குடியேற்ற விடுதி 1928இல் கட்டப்பட்டது, இன்றும் பேணப்படுகிறது. தன் மக்களை அயல்நாட்டில் அயலாராக அனுப்பிய ஊர், தன்னிடம் வந்த அயலாரின் மனத்தை அறியும் வாய்ப்பைப் பெற்றிருந்தது.

1940, 1941 ஆண்டுகளில் வேறொரு கூட்டம் வந்தது. லித்துவேனியாவில் ஜப்பானியத் தூதராக இருந்த சுகிஹரா சியுனே, மேலதிகாரிகளின் கட்டுப்பாடுகளை மீறி எழுதிக் கொடுத்த வழியனுமதிச் சீட்டுகளோடு, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பிய யூத அகதிகள் ஆயிரக்கணக்கில் இத்துறையில் தங்கிச் சென்றனர். அரசு ஜெர்மனியின் தோழன். ஊரோ அதன் பகைக்கு ஆளானோரைத் தங்க விட்டது.

தீ

உலகப் போர் முற்றியது. 1943இல் ஜப்பானியக் கடற்படை பள்ளிவாசலைத் தன் வசமாக்கிக் கொண்டது. 1945 மார்ச்சு 17ஆம் நாளும் ஜூன் 5ஆம் நாளும் அமெரிக்க வான்படை வீசிய தீக்குண்டுகளால், மரவீடுகள் நெருங்கிய கோபே எரிந்து தீர்ந்தது. அவ்வாண்டின் குண்டுவீச்சுகளில் மாண்டோர் 7,000க்கும் மேற்பட்டோர். அந்நாளில் எடுத்த ஒரு நிழற்படம் இன்று வரலாற்றுச் சான்றாக விளங்குகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் மேடு. நடுவே கரி படிந்த சுவர்களோடு நிமிர்ந்து நிற்கும் இரு மினாராக்கள். அந்த நிலவறையில் உயிர் காத்தவர்களும், பின்னர் அங்கே தங்கியவர்களும் உண்டு. விலக்கி வைக்கப்பட்ட அயலார் கட்டிய இல்லம், வீடிழந்த ஊராருக்கு நிழல் தந்தது.

மலை கடலுக்குச் சென்றது

போருக்குப் பின் துறை மீண்டும் எழுந்தது. 1963இல், ஜப்பானியக் கைம்முரசின் இடை சிறுத்த வடிவில், 108 மீட்டர் உயரத்தில் செந்நிறத் துறைமுகக் கோபுரம் எழுந்தது. கப்பல்கள் பெருத்தன, சரக்குகள் இரும்புக் கொள்கலப் பெட்டிகளில் வரத் தொடங்கின. இடமோ இல்லை, பின்னே மலை, முன்னே கடல். பொறியாளராக இருந்து நகரத் தலைவரான ஹராகுச்சி சூஜிரோ துணிந்ததொரு வழியை வகுத்தார். மலையை வெட்டி, அம்மண்ணைக் கடலில் கொட்டி, தீவு அமைப்பது. மலை வெட்டிய இடத்தில் வீடுகள் கட்டுவது. நிலத்தடிச் சுரங்கத்தில் ஓடிய பட்டைகள் மண்ணைக் கரைக்குக் கொணர்ந்தன. அங்கிருந்து படகுகள் அதைக் கடலில் கொட்டின. 1966இல் தொடங்கிய 'போர்ட் ஐலண்ட்' என்னும் தீவு 1981இல் நிறைவெய்தியது. பரப்பு ஏறத்தாழ 440 ஹெக்டேர். அதே ஆண்டு அங்கே நடந்த கண்காட்சியை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் கண்டு சென்றனர். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தொடர்வண்டியும் அவ்வாண்டே ஓடத் தொடங்கியது. அதனினும் பெரிய ரொக்கோ தீவு 1992இல் முடிந்தது. அவ்வாண்டே, பழைய சரக்கு ரயில் நிலையம் இருந்த இடத்தில் ஹார்பர்லேண்ட் என்னும் கடைவீதி எழுந்தது. கொள்கலப் பெட்டிகளைக் கையாள்வதில் 1994இல் கோபே உலகின் ஆறாவது துறையாக விளங்கியது. கியோமோரியின் கனவு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் பன்மடங்காகப் பலித்தது என்று நகரத்தார் பெருமிதம் கொண்டனர்.

விடியற்காலை 5 மணி 46 நிமிடம்

1995 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.3. கடுமையாகக் குலுங்கியது ஏறத்தாழ இருபது நொடிகளே. அந்த நொடிகளின் விளைவாக மாண்டோர் 6,434 பேர். அவருள் 4,500க்கும் மேற்பட்டோர் கோபே நகரத்தார். கனத்த ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள் உறங்கியவர் மேல் சரிந்ததே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். மாநகராட்சிக் கட்டடமொன்றின் ஆறாம் மாடி நசுங்கிற்று. தூண்களின் மேல் சென்ற நெடுஞ்சாலை 600 மீட்டருக்கும் அதிகமான நீளத்திற்குப் பக்கவாட்டில் சாய்ந்து வீழ்ந்தது. மலையிலிருந்து கொணர்ந்த மண் கடலடியில் நீராய் இளகியது; தீவெங்கும் சேறு பீறிட்டது. கப்பல் அணையும் கரைச்சுவர்கள் மீட்டர் கணக்கில் கடலை நோக்கி நகர்ந்தன, பளுதூக்கிகள் முறிந்தன. துறை முழுவதும் ஏறக்குறைய முடங்கிற்று. பழைய குடியிருப்பில் எஞ்சியிருந்த பதினைந்தாம் எண் மாளிகையும் தரைமட்டமானது.

துறைமுகத்துக்கு மேற்கே கடலோரமாக அமைந்த நாகதா வட்டாரத்தில் தீ மூண்டது. குழாய்கள் உடைந்து தண்ணீர் இல்லாததால் தீயணைப்போர் கைகட்டி நின்றனர். ரப்பரும் செயற்கைத் தோலும் கொண்டு காலணி செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த இடம் அது. அங்கே வேலை செய்தோருள் மிகப் பலர் கொரியர். 1975க்குப் பின் படகேறித் தப்பி வந்த வியட்நாமியரும் இருந்தனர். 1923இல் நடந்ததை அறிந்தவர் நெஞ்சில் அச்சம் எழுந்திருக்கும். மீண்டும் நிலநடுக்கம், மீண்டும் தீ, மீண்டும் ஊர் நடுவே அயலார்.

ஆனால் இம்முறை கும்பல் எழவில்லை. இடிபாட்டில் சிக்கியோரை உயிரோடு மீட்டவர்களுள் பெரும்பாலோர் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே. அரசின் மீட்புப் படை வந்து சேருமுன், ஒருவர் வீட்டு ஓட்டை மற்றவர் அகற்றினார். எந்நாட்டவர் என்று கேட்க அங்கே நேரமில்லை. ஜனவரி முடியுமுன்னரே நாகதாவில் கொரிய மொழியில் சிறு வானொலி ஒன்று பேசத் தொடங்கியது. சில மாதங்களில் வியட்நாமிய மொழியிலும் ஒலிபரப்பு எழுந்தது. உணவு எங்கே, தண்ணீர் எங்கே, மருத்துவர் எங்கே என்று அவை அறிவித்தன. பின்னர் இரண்டும் இணைந்து, 1996 ஜனவரியில் முறையான உரிமம் பெற்ற பன்மொழி வானொலியாயின. 1923இல் வதந்தி பரப்பிய வாய்க்கு எதிராக, 1995இல் உண்மை பரப்பிய வாய் கிடைத்தது. ஓராண்டுக்குள் நாடெங்குமிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தொண்டர் வந்தனர். அவ்வாண்டைத் தொண்டின் முதலாண்டு என்றே ஜப்பானியர் குறிக்கின்றனர்.

பள்ளிவாசல் இம்முறையும் விழவில்லை. சுற்றிலும் வீடுகள் சிதைந்திருக்க, அதன் கதவுகள் வீடற்றோர்க்குத் திறந்தன. ஐம்பது ஆண்டுகளில் இருமுறை, தீயிலும் நடுக்கத்திலும், அவ்வில்லம் ஊரின் புகலிடமாயிற்று. வெள்ளிக்கிழமை மட்டும் நிறையும் இடமாகப் பள்ளியைக் கருதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எத்துணை வலியுறுத்துகிறது என்பதை இவ்வேட்டின் வாசகர்கட்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வுரிமையைக் கல்லாலும் காரையாலும் எழுதி வைத்தவர்கள் கோபேயின் முன்னோர்.

மறைக்கலாகாத குறைகள்

எல்லாம் குறைவின்றி நடந்தன என்று சொல்வது வரலாற்றுக்கு அழகன்று. தங்கும் உரிமத்தின் காலம் கடந்த அயல்நாட்டவர் காயமுற்றபோது, மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற சிக்கல் எழுந்தது. மற்றொரு குறை ஜப்பானியரையே வருத்தியது. 48,000க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகளை அரசு விரைந்து கட்டியது. பல, ஊருக்கு வெளியேயும் செயற்கைத் தீவுகளிலும் அமைந்தன. முதியோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் முதலிடம் தந்து, மற்றபடி சீட்டுக் குலுக்கி வீடுகளைப் பங்கிட்டனர். நோக்கம் நல்லது, விளைவோ துயரம். நாற்பது ஆண்டுகள் ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினர். முன்பின் அறியாதார் நடுவே தனித்துக் கிடந்த முதியோர் 200க்கும் மேற்பட்டோர், இறந்ததுகூட உடனே தெரியாமல், அவ்வீடுகளில் மாண்டனர். கூரையைக் கொடுத்தவர்கள் அயலைக் கொடுக்க மறந்துவிட்டனர். அதன்பின் நேர்ந்த பேரிடர்களில், ஒரு தெருவாரை ஒருசேரக் குடியமர்த்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு இப்பாடமே காரணம்.

துறைமுகத்தை இரண்டே ஆண்டுகளில், 1997 மார்ச்சுக்குள், சீரமைத்து முடித்தனர். ஆனால் அதற்குள் கப்பல்கள் பூசான் போன்ற அயல்துறைகளைப் பழகிவிட்டன. 1994இல் கையாண்ட கொள்கலப் பெட்டிகளின் அளவை மீண்டும் எட்ட 2017 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் உலகத் துறைகளின் வரிசையில் கோபே நெடுந்தூரம் பின்தங்கிவிட்டது. வாணிபம் நன்றி அறியாது. வழி மாறிய சரக்கு எளிதில் திரும்புவதில்லை.

இன்றைய கரை

இன்று அக்கரையில் புதியன பல. 2006இல் கடல்மேல் அமைத்த தீவில் விமான நிலையம் திறந்தது. 2025 ஏப்ரலில் பன்னாட்டு விமானங்களும் அங்கே இறங்கத் தொடங்கின. துறைமுகக் கோபுரம் புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறந்தது. பழைய இரும்பாலைகள் இருந்த கீழ்க்கரையில் குடியிருப்புகளும், 2002இல் தொடங்கிய பேரிடர் ஆய்வு நிலையமும் உள்ளன; நிலநடுக்கத்தின் பாடங்களை உலக நாடுகள் அங்கே வந்து பயில்கின்றன. இடிந்த பதினைந்தாம் எண் மாளிகையை, அதன் பழைய மரங்களையே பொறுக்கி எடுத்து, நடுக்கம் தாங்கும் அடித்தளத்தின் மேல் 1998இல் மீண்டும் எழுப்பினர். மறுபுறம் மக்கள்தொகை குறைந்து வருகிறது. 2023இல் அது பதினைந்து இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. இனி அயலாரின்றி இவ்வூர் இயங்காது என்பதை ஊரார் உணர்ந்துள்ளனர்.

கித்தானோ சரிவில் பள்ளிவாசலுக்குச் சற்றுத் தொலைவுக்குள்ளேயே தேவாலயங்களும், யூதர் ஆலயமும், முத்து வணிகம் செய்ய வந்த இந்திய ஜைனர் 1985இல் எழுப்பிய சலவைக்கல் கோயிலும் உள்ளன. ஆடம்பரமாக அறிவிக்கப்படாத அமைதி அது.

இருவேறு நினைவிடங்களைச் சொல்லி முடிக்கலாம். மெரிக்கென் துறையில் ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்தை மட்டும் பழுதுபார்க்காமல் விட்டு வைத்துள்ளனர். சரிந்த விளக்குக் கம்பங்களும், பிளந்து நீரில் அமிழ்ந்த கல்தளமும் 1995இல் இருந்தபடியே கிடக்கின்றன. மலையைக் கடலுக்குக் கொணர்ந்த மனிதன் தன் அளவை மறவாதிருக்க அது போதும்.

மற்றொன்று, பழைய குடியிருப்பின் கிழக்கு எல்லையில் உள்ள பூங்கா. 1875இல் அது அயல்நாட்டவர் பந்தாடி மகிழ்வதற்கென்று ஒதுக்கிய திடல்; குடியிருப்போடு 1899இல் ஊராரிடம் திரும்பியது. ஆண்டுதோறும் ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலை அங்கே ஆயிரக்கணக்கான மக்கள் கூடுகின்றனர். மூங்கில் குழல்களுக்குள் விளக்கேற்றி, 5 மணி 46 நிமிடத்திற்குத் தலை தாழ்த்தி நிற்கின்றனர். விலகி வாழ்ந்த அயலாரின் விளையாட்டுத் திடல், ஊர் முழுவதும் ஒன்றுகூடித் தன் இறந்தோரை நினைக்கும் இடமாயிற்று.

'அயலார்' என்னும் சொல்லின் ஒரு பொருளிலிருந்து மறு பொருளுக்குச் செல்லக் கோபே எடுத்துக்கொண்ட காலம் நூற்றிருபத்தேழு ஆண்டுகள். அவ்வழியில் வாளும் வழக்கும் தீயும் நடுக்கமும் இருந்தன. உலகத் துறைகளின் வரிசையில் அது இழந்த இடத்தைக் கணக்கர் எழுதி வைப்பர். அது பெற்றதை எழுத வேறு ஏடு வேண்டும்.